வளர்ச்சிப் பாதையைக் கட்டுப்படுத்தும் புரதம்: எப்போது உறுதியாகச் சொல்லலாம்?

கேள்வி: ஒரு புரதத்தின் அளவை, அதன் மரபணுவைக் குறிவைக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டு கொண்டு குறைத்தேன். அப்போது செல் வளர்ச்சிப் பாதையில் உள்ள எஸ்.6 கைனேஸ் என்னும் நொதியின் மீது, அது இயங்குவதைக் காட்டும் பாஸ்பேட் அடையாளம் கூடியது. அந்தப் புரதம் இப்பாதையைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
– முதுகலை உயிர்வேதியியல் மாணவி, கோவை

பதில்: இப்போதே எழுத வேண்டாம். புரதம் குறைந்த செல்களில் அடையாளம் கூடியிருப்பதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அது குறைந்ததால்தான் கூடியது என்பதற்கு இன்னும் சான்று வேண்டும். இதற்கு டி.எஸ்.சி.2 புரதத்தின் வரலாறு நல்ல வழிகாட்டி. டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் என்னும் மரபு நோயில் மூளையிலும் சிறுநீரகத்திலும் தோலிலும் கட்டிகள் தோன்றுகின்றன. அதற்குக் காரணமான மரபணுக்களில் டி.எஸ்.சி.2 1993-இலும் டி.எஸ்.சி.1 1997-இலும் கண்டறியப்பட்டன. ஆனால் 2001-இல், இவற்றை இழந்த பழ ஈச் செல்கள் அளவில் பெருத்துவிடுவது தெரிந்த பிறகுதான் இன்சுலினும், செல்லின் உணவு நிலையை உணர்ந்து எஸ்.6 கைனேஸுக்குப் பாஸ்பேட் இடும் எம்-டார் என்னும் நொதியும் சார்ந்த வளர்ச்சிப் பாதையின் பக்கம் கவனம் திரும்பியது.

முதலில் உங்கள் அளவீட்டையே சோதியுங்கள். எஸ்.6 கைனேஸின் 389ஆம் இடத்துத் திரியோனினில் உள்ள பாஸ்பேட்டைக் காட்டும் பட்டை பிளாட்டில் (புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனையில்) தடித்திருந்தால், அதே மாதிரியில் மொத்த எஸ்.6 கைனேஸ் எவ்வளவு, ஒப்பீட்டுக்கான ஆக்டின் புரதம் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்து கலந்த கரைசலில், பனிக்கட்டியின் மீது வைத்தே செல்களை உடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிளாட்டுக்கு வருமுன்னரே அடையாளம் கரைந்துபோகும். தட்டில் செல்கள் எவ்வளவு அடர்த்தியாக இருந்தன என்பதையும் பாருங்கள். புரதம் குறைந்த செல்கள் மெதுவாகப் பெருகியிருந்தால், அவற்றின் ஊடகத்தில் அமினோ அமிலமும் குளுக்கோஸும் தீராமல் இருந்திருக்கும். எம்-டார் அதனாலேயே கூடுதலாக இயங்கியிருக்கலாம். பல ஆய்வேடுகளில் கவனிக்கப்படாமல் போகும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்து, செல்களை, வளர்ச்சிக் காரணிகள் உள்ள சீரம் இன்றி வைத்துவிட்டு, பிறகு இன்சுலின் கொடுத்துப் பாருங்கள். இயல்பான செல்களில் சீரம் நீங்கியதும் அடையாளம் மங்கி, இன்சுலின் வந்ததும் திரும்பத் தோன்றும். டி.எஸ்.சி.2 இல்லாத செல்களில் சீரம் இல்லாதபோதும் அது மங்குவதில்லை. ஒரே நிலையில் எடுத்த ஒரு பட்டையைவிட, செல் கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுக்கும் இந்த நடத்தை எவ்வளவோ வலிமையான சான்று.

ஆனாலும் அந்த ஆர்.என்.ஏ. துண்டு வேறு மரபணுக்களையும் தாக்கியிருக்கலாம். ஆகவே வேறு வரிசையுள்ள இரண்டாவது துண்டும் அதே விளைவைத் தர வேண்டும். அதற்கும் மேலாக, அத்துண்டால் தாக்கப்படாதபடி மரபணு எழுத்துகளை மாற்றி, ஆனால் அமினோ அமில வரிசையை மாற்றாமல், அதே புரதத்தைச் செல்லுக்குத் திருப்பித் தர வேண்டும். அடையாளம் பழைய நிலைக்கு இறங்கினால் உங்கள் வாதம் நிற்கும். திருப்பித் தரும் அளவு இயல்பான அளவை ஒட்டி இருப்பது அவசியம்; அளவுக்கு மீறினால் எந்தப் புரதமும் தனக்குச் சம்பந்தமில்லாத வேலைகளில் தலையிடக்கூடும். டி.எஸ்.சி.2 விஷயத்தில் இயற்கையே மற்றொரு சோதனையைத் தந்தது: 1643ஆம் இடத்து அஸ்பராஜின் லைசினாக மாறிய வடிவம் நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது. அந்த வடிவத்தைக் கொடுத்தால் எஸ்.6 கைனேஸ் அடங்குவதில்லை. புரதம் இருந்தால் மட்டும் போதாது, அதன் குறிப்பிட்ட செயலே தேவை என்பதை இவ்வாறு வேலை செய்யாத வடிவம்தான் உறுதிப்படுத்துகிறது.

கேள்வி: அது நேரடியாகக் கட்டுப்படுத்துகிறதா, இடையில் வேறு புரதம் இருக்கிறதா என்று எப்படி அறிவது?
– அதே வாசகி

பதில்: முதலில் வரிசையில் அதன் இடத்தை அறியுங்கள். டி.எஸ்.சி.2 இல்லாத செல்களுக்கு எம்-டாரைத் தடுக்கும் ராபமைசினைக் கொடுத்தால் எஸ்.6 கைனேஸின் அடையாளம் மறைந்துவிடுகிறது, ஆகவே டி.எஸ்.சி.2 எம்-டாருக்கு முன்னால் நிற்கிறது. அவை இரண்டுக்கும் நடுவில், எம்-டாரைத் தூண்டும் ரெப் என்னும் சிறு புரதம் இருப்பது 2003-இல் வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்தது. நேரடித் தொடர்பைக் காட்ட, ஜி.டி.பி. (GTP) என்னும் மூலக்கூறு பிணைந்து இயங்கும் நிலையில் உள்ள ரெப்பைச் சோதனைக் குழாயில் வைத்து டி.எஸ்.சி.2-ஐச் சேர்த்தார்கள், ஜி.டி.பி. உடைந்து ரெப் ஓய்வு நிலைக்குச் சென்றது. செல்லுக்குள் இரு புரதங்கள் ஒன்றாகப் பிடிபடுவதால் மட்டும் நேரடிக் கட்டுப்பாடு நிறுவப்படாது. வேதிவினையையே காட்ட வேண்டும்.

இன்னொரு பொறியையும் கவனியுங்கள். டி.எஸ்.சி.2 இல்லாத செல்களில் எஸ்.6 கைனேஸ் ஓங்கியிருக்கையில், இதே பாதையில் எம்-டாருக்கு முன்னால் உள்ள ஏகேடி புரதம் இன்சுலினுக்குக் காட்டும் பதில் குறைந்துவிடுகிறது. எஸ்.6 கைனேஸ், இன்சுலின் ஏற்பியிடமிருந்து செய்தி பெறும் ஐ.ஆர்.எஸ்.1 என்னும் புரதத்தை முடக்குவதே காரணம். ஏகேடியை மட்டும் அளந்தவர், வளர்ச்சிப் பாதை அடங்கிவிட்டது என்று முற்றிலும் தலைகீழாக எழுதிவிடுவார். எனவே பாதையில் குறைந்தது இரண்டு இடங்களிலாவது அளந்து பாருங்கள்.

கேள்வி: இத்தனை நுணுக்கமான சோதனையால் நோயாளிக்கு என்ன பயன்?
– ஆசிரியர், சேலம்

பதில்: டி.எஸ்.சி.2 எம்-டாருக்கு முன்னால் நிற்பது உறுதியானதால், அது இல்லாத இடத்தில் எம்-டாரை மருந்தால் அடக்கலாம் என்ற வழி பிறந்தது. ராபமைசின் வகையைச் சேர்ந்த எவரோலிமஸ், இந்நோயில் மூளையில் தோன்றும் ஒரு வகைக் கட்டிக்கு 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் மருந்து மரபணுவைச் சரிசெய்வதில்லை, அது டி.எஸ்.சி.2-இன் வேலையைத் தற்காலிகமாகச் செய்கிறது. சிறுநீரகக் கட்டிகள் ராபமைசினால் சுருங்கி, மருந்தை நிறுத்திய பிறகு மீண்டும் வளர்ந்தது மருத்துவ ஆய்வில் பதிவாகியிருக்கிறது.