‘ஈசிஎம் போச்சு’ என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

கேள்வி: என்னுடையது 2017 மாடல் பிஎஸ்-4 பத்து வீல் லாரி, ஆட் ப்ளூ (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) ஊற்றும் வண்டி. இரண்டு மாதமாக, வெயிலில் நாலைந்து மணி நேரம் ஓடினால் திடீரென ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. எலக்ட்ரீஷியன் ‘ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போச்சு’ என்கிறார். புதுசுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். அதே நம்பர் உள்ள பழைய ஈசிஎம்மை 40,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். வாங்கலாமா? - நாமக்கல் வாசகர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியைக் கேட்டதும் எனக்கு முதலில் சந்தேகம் வருவது, இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான். சூடானால் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் சுற்றுகிறது என்பதே தெரியாமல் ஈசிஎம் டீசலை நிறுத்திவிடும். ஈசிஎம் பெட்டிக்குள் சால்டர் (ஈயப் பற்று) விட்டிருந்தாலும் இதே மாதிரி நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் சில ஆயிரத்தில் முடிகிற சாமானைப் பார்த்துவிட்டுத்தான் லட்சத்துக்குப் போக வேண்டும்.

இதை ஆறிய வண்டியில் பட்டறையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் லைட் எரிகிறதா? எரியவில்லை, பழுது பார்க்கும் ஸ்கேனர் கருவியும் ஈசிஎம்மோடு பேசவில்லை என்றால் ஈசிஎம்முக்குக் கரண்டே போகவில்லை என்று எடுத்துக்கொண்டு ரிலே, ஃபியூஸ், எர்த் மூன்றையும் பாருங்கள். லைட் எரிகிறது, ஸ்கேனரும் பேசுகிறது என்றால், செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். நூறுக்கு மேல் காட்ட வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பூஜ்ஜியத்திலேயே நின்றால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் முதலில் மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்கேனரில் வரிசையாக ஏழெட்டுக் கோடு (பழுதைக் குறிக்கும் எண்) வந்தால் ‘மொத்தமும் போச்சு, பெட்டிதான்’ என்பார்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு வண்டி சங்ககிரிப் பக்கமிருந்து என்னிடம் வந்தது. உரிமையாளர் பழைய ஈசிஎம் ஒன்றை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைனில் மல்டிமீட்டரை வைத்தேன். 1.2 காட்டியது. ஒவ்வொரு சென்சாரின் கப்ளராக (வயரை மாட்டும் இணைப்பு) கழற்றிக்கொண்டே வந்தேன். டீசல் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சாரின் கப்ளரைக் கழற்றியதும் மீட்டர் 5.0-க்கு ஏறிவிட்டது. அந்த ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, அதே லைனில் இருந்த மற்ற எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறது. ஈசிஎம்மில் ஒரு பழுதும் இல்லை. வாங்கிய பழைய பெட்டிக்குப் பணம் திரும்பவில்லை.

தயவுசெய்து ஈசிஎம் கப்ளரில் டெஸ்ட் பல்பு வைக்க விடாதீர்கள். 24 வோல்ட் பல்பு இழுக்கிற கரண்டைத் தாங்கும் லைன்கள் அல்ல அவை. ஊசியை விட்டு நோண்டினால் கப்ளருக்குள் இருக்கும் உலோகப் பின் அகன்றுபோய், வண்டி குலுங்கும்போது விட்டு விட்டுத் தொடும். கப்ளரைக் கழற்றும்போது உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கசிந்த சென்சாரிலிருந்து ஆயில் வயருக்குள்ளேயே ஊர்ந்து ஈசிஎம் வரை வந்துவிடும்.

சரி, எல்லாம் பார்த்து, பெட்டிதான் பழுது என்று உறுதியானால்? அப்போதும் ‘அதே நம்பர்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் நம்பர் பெட்டிக்கு உரியது. உள்ளே இருக்கும் ஃபைல், அதாவது இன்ஜினை ஓட்டும் புரோகிராம், வேறு. ஒரே இன்ஜின், ஒரே பெட்டி, ஆனால் வேறு வேறு குதிரைத்திறனுக்கு வேறு வேறு ஃபைல் இருக்கும். டீசலைப் பீய்ச்சும் உங்கள் இன்ஜெக்டர்களின் கோடு எண்ணும் அதில்தான் இருக்கிறது. வேறு வண்டிப் பெட்டியை அப்படியே மாட்டினால் புகை, தட்டல், இழுவைக் குறைவு என்று புதுப் பிரச்சினை ஆரம்பிக்கும். புரோக்கர் அதற்குள் போனை எடுக்க மாட்டார்.

பழைய பெட்டி சரிவரும் இடம் ஒன்று உண்டு. உங்கள் பெட்டி முழுதாகச் சாகாமல், இன்ஜெக்டரை ஓட்டும் பகுதி மட்டும் எரிந்திருந்து, ஸ்கேனரோடு இன்னும் பேசினால், அதிலிருக்கும் தகவல் முழுவதையும் எடுத்து, அதே ஹார்டுவேர் நம்பர் உள்ள பழைய பெட்டியில் ஏற்றலாம். இன்ஜெக்டர் கோடு, சேசிஸ் நம்பர், வேகக் கட்டுப்பாடு எல்லாம் உங்களுடையதாகவே வந்துவிடும். ஆனால் உங்கள் கண் முன்னால் செய்ய வேண்டும். முதலில் உங்கள் பெட்டியைப் படித்து ஒரு பென் டிரைவில் போட்டு உங்களிடம் தரச் சொல்லுங்கள். அப்புறம்தான் மற்றது. ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று சொல்லி உங்கள் பெட்டியைக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதில்தான் உங்கள் வண்டியின் ஜாதகமே இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போய், போர்டைச் சரிசெய்து அடுத்தவருக்கு விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதே ஆட்கள் ‘ஃபைல் போடும்போதே ஆட் ப்ளூவையும் கட் பண்ணிடலாம், செலவு மிச்சம்’ என்பார்கள். வேண்டவே வேண்டாம். அது சட்டப்படி குற்றம். எஃப்சி (தகுதிச் சான்று) சோதனையில் மாட்டினால் நிற்கப்போவது உங்கள் வண்டி.

இவர்கள் கை ஓங்கியதற்குக் காரணம் கம்பெனிகள்தான். சர்வீஸ் சென்டரில் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள், புதுசுதான். 5 வோல்ட் லைன் எந்தெந்த சென்சாருக்குப் போகிறது என்ற வயரிங் படத்தைக்கூட வெளிப் பட்டறைக்குத் தருவதில்லை. எலக்ட்ரீஷியன் தெரியாமல் ஊகிக்கிறார், உரிமையாளர் அந்த ஊகத்துக்குப் பணம் கட்டுகிறார். வண்டி நின்றாலும் கடன் ட்யூ நிற்பதில்லை. வருடக்கணக்கில் இதைச் சொல்லிச் சலித்துவிட்டது.

எந்தப் பெட்டியை மாட்டினாலும், அதற்கு முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 28 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் புதுப் பெட்டியும் எரியலாம். பாடியில் வெல்டிங் செய்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். பேட்டரி வயரையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல் செய்திருந்தால் அதுவே பெட்டியைக் கெடுத்திருக்கலாம், அதனால் அதை எலக்ட்ரீஷியனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.