சாராளையும் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: குடும்பத்தோடு வெளிநாட்டு ஊழியத்துக்குப் போவது. நான் ஒரு நர்ஸ். 1991-இல் என் வீட்டுக்காரரோடும் இரண்டு பிள்ளைகளோடும் தான்சானியாவுக்குப் போய், 2005-இல் பொறையாருக்குத் திரும்பி வந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.)

அம்மா, நாங்கள் மன்னார்குடிப் பக்கம். என் வீட்டுக்காரர் வேளாண்மை டிப்ளமோ படித்தவர். தான்சானியாவில் ஒரு கிராமத்துச் சபையில் ஊழியமும், நெல் சாகுபடிப் பயிற்சியுமாக வரச்சொல்லி அழைப்பு வந்தது. உபவாசக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொடுத்துவிட்டார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது, நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பயமாக இருக்கிறது என்று சொன்னால் விசுவாசம் இல்லாதவள் என்பார்களோ? மகளுக்கு 12 வயது, மகனுக்கு 5. ஜூனில் கிளம்ப வேண்டும். – பெயர் வேண்டாம்

மகளே, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்து முடித்ததும் எழுந்து போய் எங்கள் வீட்டுப் பரணைப் பார்த்தேன். அங்கே ஒரு பச்சை டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதன் கதையைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் புறப்பட்டபோது எனக்கு 31 வயது. என் வீட்டுக்காரரும் உன் வீட்டுக்காரரைப் போலத்தான் கூட்டத்தில் எழுந்து நின்றார். நானும் உன்னைப் போலத்தான் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன். அந்தப் பச்சைப் பெட்டியில் என் கல்யாணப் புடவை, அம்மா கொடுத்த பித்தளைச் செம்பு, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சட்டைகள், இட்லித் துணி நான்கு, எல்லாம் வைத்து எடுத்துப்போனேன். அங்கே போய் மற்ற பெட்டிகளையெல்லாம் பிரித்தேன். அதை மட்டும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். இரண்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனபோது அவர் டார்ச்சுக்குப் பேட்டரி தேடிக் கட்டிலுக்கடியில் கையை விட்டு, பெட்டியை வெளியே இழுத்தார். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, கரையான் உள்ளே ஏறியிருந்தது. புடவையின் மடிப்போரம் முழுக்க மண். ஜரிகை மட்டும் கம்பி கம்பியாக நின்றது. “ஏன் இதைப் பிரிக்கவே இல்லை?” என்று கேட்டார். எனக்கு வாய் தானாகத் திறந்தது. “எனக்கு வர மனசே இல்லைங்க. நீங்க எழுந்து நின்னதாலே வந்தேன்” என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து, “இப்போ திரும்பிப் போயிடலாமா?” என்று கேட்டார். “வேண்டாம். கேட்டீங்களே, அது போதும்” என்றேன். மறுநாள் இரண்டு பேருமாகப் பெட்டியைத் தட்டிச் சுத்தம் செய்தோம். அதற்குப் பிறகு 12 வருஷம் அங்கே இருந்தேன். அந்த 12 வருஷமும் நானாக விரும்பி இருந்த வருஷங்கள்.

அதனால் உனக்குச் சொல்கிறேன்: கிளம்புவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. ஜெபத்தில் மறைமுகமாகச் சொல்லாதே. பிள்ளைகள் தூங்கினதும் அவரை எதிரில் உட்காரவைத்து, “எனக்கு இதற்கெல்லாம் பயம்” என்று ஒவ்வொன்றாகச் சொல். ஆபிரகாமை அழைத்த அழைப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். கூடாரத்தைச் சுருட்டிக் கட்டியது அவர் மனைவி சாராள்தானே, அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகக் காணோம். உன் வீட்டுக்காரர் உன்னைக் கேட்கட்டும். பயத்துக்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை. பயத்தை மூடி மறைப்பதால்தான் வீட்டுக்குள் சண்டை வருகிறது.

அழைத்தவர்களிடமும் இரண்டு பேருமாகச் சேர்ந்து கேளுங்கள். ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரப் பயணம்? மழைக்காலத்தில் அந்த ரோடு திறந்திருக்குமா? மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பாள், எந்த மொழியில்? எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு விடுப்பு? திரும்பி வரவேண்டும் என்றால் அதை முடிவு செய்வது யார்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று பதில் வந்தால், அவர் பார்த்துக்கொள்வது இருக்கட்டும், நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று மறுபடியும் கேளுங்கள். ஜூன் என்பது பள்ளிக்கூடக் கணக்குக்காகச் சொல்லும் மாதம். மூன்று மாதம் தள்ளிப்போனால் ஊழியம் கெட்டுவிடாது.

மகளைப் பற்றி ஒன்று. 12 வயதுப் பெண் பிள்ளைக்குத் தோழிகளை விட்டுப் பிரிவது சாவு வீட்டுத் துக்கம்போல. “அங்கே புது ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்க” என்று உடனே வாயை அடைக்காதே. அழ விடு. பையனுக்கு 5 வயது, அவன் உன் முகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் தெரிந்துகொள்வான்.

அப்புறம், உன் வீட்டுக்காரர் விதைநெல் எடுத்துப்போகத் திட்டம் போட்டிருந்தால், வேண்டாம் என்று சொல். விதை, செடி, மண் எதையும் அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றும் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகக்கூடாது. அந்த நாட்டுக்காரர்கள் நெல் தெரியாதவர்களும் இல்லை. கிலோம்பெரோ பள்ளத்தாக்கில் அவர்கள் வெகுகாலமாக நெல் போடுகிறார்கள். போன முதல் பருவம் அவர்களோடு வயலில் இறங்கி நாற்று நடட்டும். கற்றுக்கொடுப்பது அதற்குப் பிறகு.

ஐயரம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் மயிலாடுதுறை. அடுத்த வருஷம் கிழக்கு ஆப்பிரிக்கா போகிறோம். அங்கே ஆங்கிலம் புழக்கத்தில் இருக்கிறதே, உள்ளூர் மொழிக்கென்று ஒரு வருஷத்தைச் செலவழிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும் தம்பி. ஒரு வருஷம் போதவும் போதாது.

மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினால் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9-ஆம் தேதி அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயருக்கு அப்போது இன்னும் 24 வயது முடியவில்லை. அன்றைக்கு அந்தக் கடற்கரையில் வியாபாரத்துக்குப் புழங்கிய போர்த்துகீசிய மொழியில் பேசிச் சமாளித்திருக்கலாம். அவர் என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 1719-இல், 36 வயதில், இறந்தும் போனார். அவரைப் புதைத்த புது எருசலேம் ஆலயத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். நம் ஊருக்கு வந்தவர் நம் மொழிக்காக மணலில் உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்த சுவிசேஷத்தை வாங்கிக்கொண்ட நாம் இன்னொரு ஊருக்குப் போய் நாற்காலியில் உட்காரலாமா?

என்னால் நடந்த ஒரு தப்பையும் சொல்கிறேன். போன முதல் வருஷம். காய்ச்சலில் இருந்த ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டு, மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல நினைத்து, தாயிடம் “சா தாத்து” என்றேன். சா என்றால் மணி, தாத்து என்றால் மூன்று. அந்த ஊர் மொழியான சுவாஹிலியில் மணி எண்ணுவது சூரிய உதயத்திலிருந்து. நம் முன்னோர் பொழுது விடிந்ததிலிருந்து நாழிகை எண்ணினார்களே, அந்த மாதிரி. காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. மூன்று மணி என்றால் நமக்கு ஒன்பது. அந்தத் தாய் இருட்டோடு நடந்து ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். நான் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தேன். மூன்று மணிக்கு வந்து பார்த்தால், வாசலில் மாமரத்தடியில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அங்கே பெண்கள் உடுத்தும் கங்கா துணியின் நுனியால் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆறு மணி நேரக் காய்ச்சல். பிள்ளை பிழைத்தது. இன்றைக்கும் மூன்று மணி அடித்தால் எனக்கு அந்தத் துணியின் மஞ்சள் நிறம் கண்ணுக்குள் வருகிறது.

எண்களையும் நேரத்தையும் உடம்பின் உறுப்புகளையும் முதலில் படியுங்கள். அதோடு மரியாதை வார்த்தைகளை. பெரியவர்களைக் கண்டால் “ஷிக்கமோ” என்று சொல்ல வேண்டும். அவர்கள் “மரஹபா” என்று வாங்கிக்கொள்வார்கள். வாசலில் நின்று “ஹோடி” என்று குரல் கொடுக்க வேண்டும். “கரிபு” என்று பதில் வந்தால்தான் உள்ளே கால் வைக்கலாம். அழைக்காமல் உள்ளே போகிற ஊழியக்காரனை எந்த ஊரிலும் பிடிக்காது. பிரசங்கம் இரண்டாம் வருஷம் செய்துகொள்ளலாம்.

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர்: காகித வேலைகள், நிலம், பேங்க் கணக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டூரிஸ்ட் விசாவில் போய் ஊழியம் செய்துகொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஊழியம் செய்ய உரிய விசாவை வாங்கிக்கொண்டு போங்கள். சத்தியத்தைச் சொல்லப் போகிறவர்கள் விமான நிலையத்திலேயே பொய் சொல்லக்கூடாது. பாஸ்போர்ட்டிலும் பிறப்புச் சான்றிலும் மார்க் ஷீட்டிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். நம் பக்கத்தில் அதிகம் தடங்கல் வருவது இதில்தான். சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களுக்குச் சில நாடுகளில் நம் வெளியுறவுத் துறை போடும் அப்போஸ்டில் முத்திரை போதும். மற்றவற்றுக்கு அந்தந்தத் தூதரகமும் கையெழுத்திட வேண்டும்.

ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். போகிற நாடு கேட்கிறதா, திரும்பி வரும்போது இங்கே கேட்பார்களா, இரண்டையும் விசாரியுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்கு 10 நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். ஒரு தடவை போட்டால் சான்று ஆயுளுக்கும் செல்லும். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடமாட்டார்கள். மலேரியாவுக்குக் கொசுவலைதான் முதல் மருந்து.

வெளிநாட்டில் குடியிருக்கப் போனதும் உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி பேங்கில் எழுதிக் கொடுங்கள். இருக்கிற நஞ்சையை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆனபிறகு புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் குத்தகையை எழுதி வையுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனோ நகைக்கடனோ இருந்தால் அடைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏலச்சீட்டு போட்டிருந்தால் அதையும். அனுப்புதல் ஆராதனையில் மாலை போட்டுக்கொள்ளும்போது ஊரில் ஒருத்தருக்கும் பாக்கி இருக்கக்கூடாது.

திருவாரூர்ப் பக்கம் ஒரு தாய்: ஒரே மகன். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறான். “தேவனுக்குத் தானே கொடுக்கிறீங்க, சந்தோஷப்படுங்க” என்கிறார்கள் எல்லாரும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அம்மா, வரவேண்டாம். வராத சந்தோஷத்தை யாருக்காகவும் காட்ட வேண்டாம்.

என் மாமியார் 1997-இல், அறுவடை சமயத்தில், காலமானார். நாங்கள் இருந்த கிராமத்தில் டெலிபோன் கிடையாது. செய்தி கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எங்களை வழியனுப்பிய அன்றைக்கு அவர் அழவில்லை. எல்லாரும் மெச்சினார்கள், நானும் மெச்சினேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள்: நாங்கள் போன பிறகு ஒரு மாதம் தினமும் சாயங்காலம் பிள்ளைகளுக்கு என்று இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டு, பிறகு எடுத்து உள்ளே கவிழ்ப்பாராம். அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம் நான்.

உங்கள் மகனிடம் நேரடியாகக் கேளுங்கள்: எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள், நான் போய்விட்டால் நீ வருவாயா, உனக்காகக் காத்திருக்கச் சொல்லட்டுமா? கேட்கக் கூச்சமான கேள்விதான். ஆனால் அவனும் இதையே நினைத்துக்கொண்டு, உங்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல்தான் இருப்பான். இப்போது வீடியோவில் பார்த்துப் பேசலாம், வாரத்தில் ஒரு நாளை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்கா என்றால் நம் கடிகாரத்துக்கு அவர்கள் இரண்டரை மணி நேரம் பின்னால். நம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்து வீட்டில் இருப்பார்கள்.

ஏழாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்: பாட்டி, நாங்களும் கென்யா போகிறோம். எனக்குத் தமிழ் மறந்துவிடுமா? நான் என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?

கண்ணு, பேச மறக்காது. எழுத மறக்கும். என் மகனுக்கு மறந்தது, 15 வயதில் ஊருக்கு வந்து ‘ற’வா ‘ர’வா என்று திணறினான். அதனால் வாரம் ஒரு பக்கம் உன் தோழிக்குத் தமிழில் கையால் எழுது. போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி.

எடுத்துப்போக ஒரு 200 பக்க நோட்டு வாங்கிக்கொள். இன்றைக்கே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, குழம்புக்குப் புளி எவ்வளவு, வத்தலுக்கு உப்பு எவ்வளவு என்று அவர்கள் வாயால் சொல்வதை அப்படியே எழுது. “ஒரு கைப்பிடி” என்று சொன்னால் பாட்டியின் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிப் படம் வரைந்துகொள்.

அங்கே மக்காச்சோள மாவில் உகாலி என்று ஒன்று கிண்டுவார்கள், நம் களி மாதிரி. கையால் உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, கீரையோடு சாப்பிட வேண்டும். முதல் நாளே சாப்பிடு. செய்து கொடுத்தவர்களுக்கு மனசு குளிரும்.

என் பிள்ளைகள் படித்த சுவாஹிலி அரிச்சுவடி ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கும், உள்ளே பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. உன் முழு முகவரியை அப்பாவிடம் சொல்லிப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பு. தபாலில் போட்டுவிடுகிறேன்.