பழத்தின் நீரளவைச் சாறு பிழிந்து அறிய முடியாது

பழங்களையும் காய்களையும் மிக்சியில் அரைத்து, சாற்றை வடிகட்டி அளந்தால் அவற்றிலுள்ள நீரின் அளவு கிடைத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செயல்திட்டம் ஒன்றுக்காகக் கேட்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். கிடைக்காது. சாற்றில் நீரோடு சர்க்கரையும் அமிலங்களும் உப்புகளும் கரைந்திருக்கின்றன. எவ்வளவு பிழிந்தாலும் சக்கையில் ஈரம் தங்கிவிடுகிறது. ஒரு பிழை அளவைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நம்ப இடமில்லை.

எடை பார்த்து, உலர்த்தி, மீண்டும் எடை பார்ப்பதே நேரான வழி. கல்லூரி ஆய்வகத்தில் நான் முதலில் எடுத்தது வெள்ளரிக்காய். 5.00 கிராம் மெல்லிய துண்டுகளை 105 பாகை செல்சியசில் உலர்த்தி, எடை இனிக் குறையாது என்று உறுதியாகும்வரை திரும்பத் திரும்ப நிறுத்தேன், 0.25 கிராம் எஞ்சியது. அதாவது 95 விழுக்காடு நீர். ஒவ்வொரு முறையும் தட்டை டெசிக்கேட்டரில், அதாவது உள்ளே ஈரமில்லாமல் வைத்திருக்கும் மூடிய கலத்தில், ஆறவைத்த பிறகே தராசில் வைத்தேன். சூடாக வைத்தால் தட்டைச் சுற்றி மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும்; திறந்தவெளியில் ஆறவிட்டால் உலர்ந்த துண்டுகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பலரும் அவசரத்தில் தவறவிடும் இடம் இது.

அதே வெப்பத்தை நம்பி வாழைப்பழத்தை வைத்ததுதான் நான் செய்த பிழை. துண்டுகள் பழுப்பேறின, கருகிய சர்க்கரை வாடை வந்தது, எடையோ நிலைகொள்ளாமல் குறைந்துகொண்டே போனது. அந்த வெப்பத்தில் பழச்சர்க்கரை, குறிப்பாக ஃபிரக்டோஸ், சிதையத் தொடங்குவதால், நீரல்லாத இழப்பும் நீரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இனிப்பு மிகுந்த பழங்களை 70 பாகை அளவில் வெற்றிட அடுப்பில் உலர்த்த வேண்டும். அழுத்தம் குறைந்திருப்பதால் நீர் அந்த வெப்பத்திலேயே வெளியேறிவிடும். அப்படிச் செய்த பிறகே எனக்கு 75 விழுக்காட்டை ஒட்டிய அளவு கிடைத்தது.

ஹாலோஜன் ஈரப்பதமானி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அக்கருவியும் சூடாக்கி எடையிழப்பைத்தான் அளக்கிறது. ஆகவே சர்க்கரை சிதையும் சிக்கல் அதிலும் உண்டு. கார்ல் ஃபிஷர் முறை நீரையே தேடி அளப்பது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அயோடினைக் கொண்டு நடப்பதால், வைட்டமின் சி மிகுந்த பழங்களில் அந்த வைட்டமினும் அயோடினைச் செலவழித்து அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. வெள்ளரியின் நீரளவை உலர் எடை அடிப்படையிலும் கணக்கிட்டு, 1900 விழுக்காடு என்று எழுதியிருந்தேன். 4.75 கிராம் நீரை 0.25 கிராம் உலர்பொருளால் வகுத்தால் 19 மடங்கு வருகிறது. தேர்வாளர் அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, நூறுக்கு மேல் நீர் எப்படி இருக்கும் என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். உலர்த்தும் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் கையாளும் கணக்கு அது. 90 விழுக்காடு நீருள்ள 100 கிராம் காயை 80 விழுக்காட்டுக்குக் கொண்டுவர 10 கிராம் நீரை நீக்கினால் போதும் என்றே பலரும் நினைப்பார்கள். உண்மையில் 50 கிராம் நீங்க வேண்டும். உலர் எடைக் கணக்கில் 900 விழுக்காடு 400 ஆகிறது, அதாவது 10 கிராம் உலர்பொருளின் ஒவ்வொரு கிராமுக்கும் 5 கிராம் நீர் போக வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. அந்த மதிப்பெண் திரும்பக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆகவே, நீங்கள் தரும் விழுக்காடு மொத்த எடைக்கு உரியதா, உலர் எடைக்கு உரியதா என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். நான் அதை முந்தைய பக்கத்தில் எழுதியிருந்தேன். தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.