நாம் எழுதும் நிரல்மொழியின் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டால், மொழியை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரே நிரல்மொழியில் வேலை செய்கிறேன். அந்த மொழியின் பின்னால் இருக்கும் நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கப்போவதாகச் செய்தி. இப்போதே வேறு மொழிக்கு மாறிவிடுவது நல்லதா?

பதில்:

மாறாதீர்கள். செய்தி வந்த வாரத்திலேயே நிச்சயமாக மாறாதீர்கள்.

தேநீர் இடைவேளையில் யாரோ ஒரு சீனியர் "உன் மொழியின் கதை முடிந்தது" என்று சொல்லியிருப்பார், அந்தக் கலக்கத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2009 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தரவுத்தள மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் வாங்குகிறது, பங்கு ஒன்றுக்கு 9.50 டாலர், மொத்தம் சுமார் 740 கோடி டாலர் என்று நம் ஊரில் மாலை நேரத்தில் செய்தி வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை ஐபிஎம் வாங்கப்போகிறது என்று பேச்சு. அது முறிந்த சூடு ஆறுவதற்குள் இது. நான் எழுதிய நிரல்மொழியான ஜாவா, சன் நிறுவனத்தின் பிள்ளை. பிள்ளையை யார் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எங்கள் அலுவலகத் தளம் முழுக்க அன்று இதே பேச்சுதான்.

நான் வேலையில் சேர்ந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனம். பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலம். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தவர்களை வாரத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதங்களுக்கு முன்புதான் சன் நடத்திய ஜாவா நிரலாளர் சான்றிதழ்த் தேர்வில் தேறியிருந்தேன். அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு தேர்வுக் கட்டணத்துக்கே போனது. அந்தச் சான்றிதழை அப்பா திண்டுக்கல் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வருகிறவர்கள் அதிலிருந்த பெயரைப் படித்துவிட்டு "தம்பிக்கு சன் டிவியிலா வேலை?" என்று கேட்பார்கள். இல்லை, அது அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி, அவர்கள் வைக்கிற பரீட்சை என்று அப்பா ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்குவார். அந்தக் கம்பெனியே இனி இருக்காது என்றபோது, இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு முதலில் வந்த கவலை.

எங்கள் குழுத் தலைவர் என்னையும் என் நண்பனையும் கூப்பிட்டு, உடனே மைக்ரோசாஃப்டின் டாட்நெட் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள் என்றார். நண்பன் சேர்ந்தான். கையில் பணம் இல்லாததால் நான் சேரவில்லை. துணிச்சலோடு ஜாவாவைப் பற்றிக்கொண்டு நின்றேன் என்றெல்லாம் இன்று கதை கட்ட மாட்டேன். ஆனால் நின்றதால் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். நிறுவனத்தை விற்ற தேதியைவிட முக்கியமான தேதி ஒன்று ஏற்கனவே கடந்துபோயிருந்தது.

2006 நவம்பரில் ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்னும் திறந்த உரிமத்தில், திறக்கப்போவதாக சன் அறிவித்தது. 2007 மே மாதம் ஓபன்ஜேடிகே என்ற பெயரில் மூலநிரலின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. ஜிபிஎல் உரிமத்தில் ஒருமுறை வெளியே கொடுத்த நிரலை, பிறகு எத்தனை கோடி கொடுத்து வாங்கினாலும், வாங்குகிறவர் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. 2009இல் எங்களைக் காப்பாற்றியது அந்த 2006தான். எங்கள் தளத்தில் முந்நூறு பேர் இருந்திருப்போம். அன்று அதை ஒருவர்கூட எடுத்துச் சொல்லவில்லை, நான் உட்பட.

ஆரக்கிளுக்குக் கொடி பிடிக்கிறான் என்று பின்னூட்டத்தில் யாராவது எழுதக்கூடும். கொடி பிடிக்கவில்லை. அடிபட்டவர்களும் உண்டு. ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நிறைவேறியது. ஏப்ரல் தொடக்கத்திலேயே ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் வெளியேறிவிட்டார். சன்னின் திறந்த இயங்குதளமான ஓபன்சோலாரிஸின் வளர்ச்சி வெளியாருக்கு மூடப்பட்டது. அதில் ஈடுபட்டிருந்தவர்கள் இல்லுமோஸ் என்று பிரிந்துபோனார்கள். அலுவலக மென்பொருளான ஓபன் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸ் பிரிந்தது, நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் கருவியான ஹட்சனிலிருந்து ஜென்கின்ஸ் பிரிந்தது. ஜாவாவின் போக்கைத் தீர்மானிக்கும் குழுவிலிருந்து, திறந்த மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளை 2010 டிசம்பரில் விலகியது. ஆண்ட்ராய்டில் ஜாவாவின் இடைமுகங்களை (ஜாவாவின் வசதிகளை நிரல்கள் அழைக்கும் வரிகளை) பயன்படுத்தியதற்காகக் கூகுள் மீது ஆரக்கிள் 2010 ஆகஸ்டில் போட்ட வழக்கு, கிட்டத்தட்ட 11,500 வரிகளுக்காகப் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்று கூகுள் பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. இதெல்லாம் நடந்தது. ஆனால் மொழி சாகவில்லை. சன் காலத்திலேயே, 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6க்குப் பிறகு தேங்கிக் கிடந்தது. 2011 ஜூலையில் 7 வந்தது, 2014 மார்ச்சில் லாம்டா என்ற சுருக்கெழுத்து வசதியோடு 8 வந்தது, 2017க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. இதற்கு வாங்கியவரின் தேவையும் ஒரு காரணம். ஆரக்கிளின் சொந்த மென்பொருள்களில் பாதி உயிர் ஜாவாவில் இருந்தது. தான் வாங்கியவற்றிலேயே முக்கியமான மென்பொருள் ஜாவாதான் என்று முதல் நாள் அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். தன் சோறு எந்தப் பானையில் வேகிறதோ, அந்தப் பானையை யாரும் போட்டு உடைக்க மாட்டார்கள்.

நிரல் எழுதுகிற நமக்கு இந்த மாற்றம் எங்கே இடிக்கும் என்றால், எதிர்பாராத மூலையில் இடிக்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2012இல் ஒரு காப்பீட்டு வாடிக்கையாளரின் செயலியை ஜாவா 6இலிருந்து 7க்கு ஏற்றினோம். சோதனை சர்வரில் ஏற்றியதும் ஒருவராலும் உள்நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லைக் குறியாக்கும் இடத்தில், ஐபிஎம்மின் குறியாக்க கிளாஸ் (ஜாவாவோடு வரும் ஆயத்த நிரல்பகுதி) கிடைக்கவில்லை என்று பிழை. எங்கள் சர்வர் லினக்ஸ், ஐபிஎம்முக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரவு பதினொரு மணி வரை சர்வர் அமைப்புகளைத்தான் புரட்டிக்கொண்டிருந்தோம். பிறகு நிரலைத் திறந்தால், 2008இல் நானே எழுதிய நான்கு வரி. செயலி சன்னின் ஜாவா, ஐபிஎம்மின் ஜாவா என்று இரண்டு வகை சர்வர்களில் ஓடவேண்டியிருந்ததால், ஜாவாவைத் தயாரித்தவர் யார் என்று கேட்டு, பதில் "சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இன்க்." என்று முற்றுப்புள்ளி உட்பட அப்படியே வந்தால் சன்னின் கிளாஸ், வேறு எது வந்தாலும் ஐபிஎம்மின் கிளாஸ் என்று எழுதியிருந்தேன். ஜாவா 6 கடைசிவரை தன்னைச் சன் என்றுதான் சொல்லிக்கொண்டது. 7இல் அந்தப் பதில் "ஆரக்கிள் கார்ப்பரேஷன்" என்று மாறியது. என் நிரல் அதை ஐபிஎம் என்று எடுத்துக்கொண்டது. தவறு முழுக்க என்னுடையது. பெயரைக் கேட்கக்கூடாது, அந்த கிளாஸ் இருக்கிறதா என்றுதான் கேட்கவேண்டும். அன்றிரவு அப்படியே மாற்றி எழுதினேன். இதில் என் மனதைத் தொட்ட ஒன்று, அந்தக் குறியாக்க கிளாஸின் பெயரில் "சன்" என்பது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கட்டடத்தின் பலகையைக் கழற்றிவிட்டார்கள், அடித்தளத்துச் செங்கலில் பொறித்த பெயர் அங்கேயே இருக்கிறது.

ஆகவே உங்கள் நிரலில் நிறுவனத்தின் பெயரை எங்கெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் தேடுங்கள். பதிவிறக்க முகவரிகளையும் சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்தது பணம். இது உடனே வராது, எல்லாரும் மறந்த பிறகு வரும். ஒப்பந்தம் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியோடு வணிகப் பயன்பாட்டுக்கான ஜாவா 8இன் இலவசப் புதுப்பிப்புகள் நின்றன. ஏப்ரலில் உரிமமே மாறியது. 2023 ஜனவரியில் வந்த புதிய சந்தாவில், ஜாவாவைத் தொடுகிறவர்களை மட்டும் எண்ணுவதில்லை. நிறுவனத்தின் ஊழியர்கள் எல்லாரையும் எண்ணுகிறார்கள். ஆயிரத்துக்குக் குறைவான ஊழியர்கள் என்றால் பட்டியல் விலை ஆளுக்கு மாதம் 15 டாலர். 250 பேர் இருக்கும் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 45,000 டாலர் ஆகிறது, அதில் ஜாவா எழுதுகிறவர்கள் பத்தே பேராக இருந்தாலும். இதை எல்லாரும் கட்டியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. ஓபன்ஜேடிகேயிலிருந்து செய்த டெமுரின், கொரெட்டோ, சூலு எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. மாறிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குச் செலவு இல்லை. தெரியாதவர்களுக்குத்தான் பில் வருகிறது.

2019இல் எங்கள் நிறுவனத்தில் அந்த மாற்றத்தைச் செய்தவன் நான். 140 சர்வர்கள். ஒவ்வொன்றிலும் நுழைந்து பதிப்பைக் கேட்கும் கட்டளையைத் தட்டி, இரண்டாவது வரியைப் படிக்கவேண்டும். "ஓபன்ஜேடிகே" என்று இருந்தால் டிக். "ஜாவா" என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் வணிகக்குறி எழுத்துகள் இருந்தால் சிவப்பு வட்டம். நீளமான நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதினேன். மாற்றிய பிறகு எல்லாம் ஓடியது, ஒன்றைத் தவிர: பாலிசி ரசீதுகளைப் பிடிஎஃப் ஆக்கும் பகுதி விழுந்தது. ஆரக்கிளின் ஜாவா 8 தன்னோடு லூசிடா எழுத்துருக்களைக் கொண்டுவரும். நாங்கள் போட்ட ஓபன்ஜேடிகேயில் அவை கிடையாது. எங்கள் சர்வர்களில் வேறு எழுத்துருவும் கிடையாது. எழுத்துருத் தொகுப்பு ஒன்றை நிறுவியதும் சரியானது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு இரவு ஆனது.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை முழுக்க மூன்று வார இறுதிகளில் நடந்தது. வார இறுதியில் அலுவலக வண்டி கிடையாது. அதிகாலை இரண்டு மணிக்குச் சோழிங்கநல்லூரிலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். அந்தக் காசைக் கேட்டபோது, அச்சிட்ட ரசீது இல்லை என்று திருப்பிவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு எந்த ஆட்டோ அண்ணன் அச்சிட்ட ரசீது கொடுப்பார்? என் வேலையால் நிறுவனத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு மிச்சம் என்று அவர்களே படம் போட்டு வாடிக்கையாளருக்குக் காட்டினார்கள். எனக்கு அந்த ஆண்டு மதிப்பீட்டில் "எதிர்பார்ப்பை நிறைவு செய்தார்" என்று ஒரு வரி. பணத்துக்காகச் சொல்லவில்லை. மொத்தம் ஆயிரத்து நானூறு ரூபாய். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் மூலநிரல் எந்த உரிமத்தில் வந்திருக்கிறது என்று பார்க்க வழக்கறிஞர் வேண்டாம். விற்பனைக்கு முன்பே திறந்த உரிமத்தில் வந்துவிட்டதா, வாங்குகிறவர் அந்த மொழியைத் தன் வேலைக்கே பயன்படுத்துகிறாரா, அவரைத் தவிர வேறு யாராவது அதைத் தொகுத்து வெளியிடுகிறார்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் உங்கள் மூன்று ஆண்டு உழைப்புக்கு ஒன்றும் ஆகாது. மூன்றுக்கும் இல்லை என்றால் நானே மாறச் சொல்வேன். பெயர் மட்டும் எப்போதும் வாங்கியவர் கையில் என்பதையும் மனதில் வையுங்கள். பெரிய நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா இஇ-யை ஆரக்கிள் 2017இல் எக்லிப்ஸ் என்ற திறந்த மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது நிரலைக் கொடுத்தார்கள், ஜாவா என்ற பெயரைக் கொடுக்கவில்லை. அது ஜகார்த்தா ஆனது. உலகம் முழுக்க நிரல்களில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய ஆயிரக்கணக்கான வரிகளை ஜகார்த்தா என்று திருத்தவேண்டியதாயிற்று.

டாட்நெட்டுக்குப் போன என் நண்பன் நன்றாகத்தான் இருக்கிறான். அதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. அவன் மாறியதால் கெட்டுப்போகவில்லை. ஆனால் பயத்தில் மாறினோமே என்று அவனே இரண்டு முறை என்னிடம் சொல்லியிருக்கிறான்.

எந்த மொழி என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. உங்கள் கணினியில் அதன் பதிப்பைக் கேட்கும் கட்டளையைத் தட்டி, வருகிற வரிகளையும், மூலநிரலோடு இருக்கும் உரிமக் கோப்பின் முதல் பத்தியையும் பின்னூட்டத்தில் ஒட்டுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வந்து பார்த்துச் சொல்கிறேன்.