நிலக்கரியைக் குறைந்த வெப்பத்தில் கரியாக்குவது எப்படித் தொழிலாக வளர்ந்தது?

திருகோணமலைக்காரருக்குச் சிரட்டைக்கரி சுடுவதை நினைவூட்டினால் பாதி விடை வந்துவிடும். காற்றை அடைத்துச் சூடாக்கினால் பொருள் எரிந்து சாம்பலாகாது. புகையாகக்கூடியது வெளியேற, கரி மிஞ்சும். நிலக்கரிக்கும் இதே விதிதான்.

உருக்காலைக்கான கோக் (நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கரி) சுமார் 1000 பாகை செல்சியஸில் தயாராகிறது. அது கடினமானது, வீட்டு அடுப்பில் எளிதில் பற்றாது. 450 முதல் 700 பாகைக்குள் நிறுத்தினால், ஆவியாகும் பொருள் கொஞ்சம் கரியிலேயே தங்கும். எளிதில் பற்றும், ஆனால் புகையாது. தாரும் கூடுதலாகக் கிடைக்கும். வாயு மட்டும் குறையும்.

லண்டன் புகையில் திணறிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மின்பொறியாளர் தாமஸ் பார்க்கர் இம்முறையில் 'கோலைட்' எரிபொருளை உருவாக்கினார். யோசனை எளிது, உலைதான் பாடாய்ப் படுத்தியது. நிலக்கரி வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம்; சூடானதும் இளகி, உப்பி, சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒடுக்கமான இரும்புக் குழாய்களில் சிறிது சிறிதாகச் சுட வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தில் வென்ற பல முறைகள் தொழிற்சாலையில் தோற்றதற்கு இதுவே முக்கிய காரணம் என்பது என் கணிப்பு. இங்கிலாந்தின் போல்சோவரில் கோலைட் ஆலை 1930களில் எழுந்து 2004 வரை இயங்கியது. 1956இன் தூய காற்றுச் சட்டம் புகையற்ற எரிபொருளுக்குச் சந்தையைப் பெருக்கியது.

ஜெர்மனியின் கதை வேறு. அங்கு பழுப்பு நிலக்கரித் தாரே இலக்கு. போர்க்காலத்தில் அதற்கு ஹைட்ரஜன் ஏற்றிப் பெட்ரோல் எடுத்தார்கள். திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு எண்ணெய்க்கான அந்தத் தவிப்பு புரியும். பின்னர் மலிவான பெட்ரோலியமும் இயற்கை வாயுவும் வந்து இத்தொழிலை ஓரங்கட்டின.