பாட்டி மென்று ஊட்டும் இட்லியும் ஒரு வைரஸும்: மும்பைத் தாய்மார்களின் கேள்விகள்

கணவருக்கு உகாண்டாவில் வேலை. எட்டு மாதக் குழந்தையோடு நானும் போகிறேன். அங்கே தாய், பிள்ளைகளிடம் புற்றுநோய் வைரஸ் ஒன்று அதிகம் என்கிறார்களே? (செம்பூர் வாசகி)

உண்மைதான். மனிதரைத் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸ் குடும்பத்தில் எட்டாவது (எச்.எச்.வி-8) அது. கபோசி சர்கோமா என்ற புற்றுநோய்க் கட்டிகளில் அதை 1994-இல் கண்டுபிடித்தவர்கள் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி. உகாண்டாவின் பல பகுதிகளில் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் ரத்தத்தில் இதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், அதாவது தொற்றியதன் அடையாளம், இருக்கிறது. இந்தியாவில் மிகக் குறைவு.

தாய்க்கு வைரஸ் இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் கருவிலேயே தொற்றுவது அபூர்வம். பிறந்த குழந்தையைச் சோதித்தால் தாயின் எதிர்ப்புப் புரதமே தெரியும். ஒரு வயதுக்குள் அது கரைந்துவிடும். பிறகு எச்சில் வழியாக வருவதுதான் உண்மையான தொற்று. தாயிடமிருந்து மட்டுமல்ல, அண்ணன் அக்காவிடமிருந்தும் வரலாம். தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. எச்.ஐ.வி.யாலோ, உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்துகளாலோ எதிர்ப்புச் சக்தி சரியும்போதுதான் ஆபத்து பெரிதாகிறது. பயப்படாமல் போய் வாருங்கள். குழந்தைக்குத் தனிக் கிண்ணம், தனி ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சோற்றை மென்று ஊட்டுகிறார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார். (தாராவி வாசகி)

என் கிளினிக் பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி இட்லியைப் பிட்டுத் தன் வாயில் போட்டு மென்று, விரல் நுனியில் எடுத்துப் பேரன் நாக்கில் தடவினார். அவ்வளவு பாசம் அதில். ஆனால் எச்சிலோடு பல்லைச் சொத்தையாக்கும் கிருமியும் ஹெர்பிஸ் வகை வைரஸ்களும் போய்ச் சேரும். "மெல்லாதீங்க அத்தை" என்றால் சண்டைதான் வரும். "நீங்களே பாலில் ஊறவைத்துக் கையால் மசித்துக் கொடுங்க அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். ஊட்டும் உரிமை அவரிடமே இருக்கட்டும்.

குழந்தைக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான ஐ.ஜி.ஜி. (எதிர்ப்புப் புரதச் சோதனை) பாசிட்டிவ். அதுவும் புற்றுநோய் வைரஸ் என்று படித்தேன், தூக்கமே இல்லை. (மாட்டுங்கா வாசகி)

நன்றாகத் தூங்குங்கள். 1964-இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் உண்டு. உங்களுக்கும் எனக்கும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்த தொற்றின் தடம், அவ்வளவுதான். இதனால் சில புற்றுநோய்கள் வருவது உண்மை, ஆனால் மிகச் சிலருக்கே. நோயறிகுறி இல்லாத குழந்தைக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. திரும்பத் திரும்பச் செய்து பணத்தை விரயமாக்காதீர்கள்.

இந்த வைரஸ்களுக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தலாமா? (சயான் வாசகி)

கூடவே கூடாது. அப்புறம் ஒன்று: கழுத்திலோ அக்குளிலோ வாரக்கணக்கில் வற்றாத நெறிகட்டி, காரணமில்லாமல் எடை இறங்குவது, விடாத காய்ச்சல், இவற்றில் எது இருந்தாலும் குழந்தையை நேரில் காட்டுங்கள்.