அமெரிக்க ஈவுத்தொகையில் அதிக வரிப் பிடித்தம்

கேள்வி: இந்தியாவில் வசிக்கும் நான் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பங்குகளைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அந்நிறுவனம் அண்மையில் எனக்கு 1,000 டாலர் பகிர்ந்தளித்தது. அதில் 600 டாலர் மட்டுமே லாபத்திலிருந்து தரப்படுகிறது, மீதி 400 டாலர் மூலதனத்தைத் திருப்பித் தருவது என்று அறிவித்தும், முழுத் தொகைக்கும் 30 சதவீதம் வரி பிடிக்கப்பட்டு 700 டாலர்தான் வந்து சேர்ந்தது. இது முறைதானா?

பதில்: உங்களிடமிருந்து 300 டாலர் பிடித்திருக்கிறார்கள், உண்மையில் செலுத்த வேண்டியது 150 டாலர்தான். இந்த வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, வரி விகிதம். வெளிநாட்டுப் பங்குதாரருக்கான ஈவுத்தொகையில் 30 சதவீதம் பிடிப்பது அமெரிக்கச் சட்டத்தின் பொது விதி. 1989-இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க இரட்டை வரி விலக்கு ஒப்பந்தம் தனிநபர்களுக்கு அதை 25 சதவீதமாகக் குறைக்கிறது. ஆனால் தாம் அமெரிக்கர் அல்லர், இந்தியாவில் வசிப்பவர் என்று உறுதியளிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தைத் தரகரிடம் கொடுத்தவருக்கே இச்சலுகை கிடைக்கும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாம் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதியுடன் அப்படிவம் பொதுவாகக் காலாவதியாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் படிவமும் அவ்வாறு காலாவதியாகியிருக்கக் கூடும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. நிறுவனம் பகிர்ந்தளிப்பதெல்லாம் ஈவுத்தொகை ஆகிவிடாது. நடப்பாண்டு லாபமும் சேர்த்துவைத்த லாபமும் எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் அது ஈவுத்தொகை. அதற்கு மேற்பட்ட தொகை முதலில் நீங்கள் பங்கு வாங்கிய விலையைக் குறைக்கும், அதையும் தாண்டினால்தான் மூலதன ஆதாயமாகக் கருதப்படும். லாபத்தின் அளவை நியாயமாக மதிப்பிட்டு, ஈவுத்தொகைப் பகுதிக்கு மட்டும் வரி பிடிக்க அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அது கட்டாயமில்லை. மதிப்பீடு தவறினால் குறைவாகப் பிடித்த வரிக்கு, பிடித்தம் செய்பவரே பொறுப்பேற்க வேண்டியிருப்பதால், முழுத் தொகைக்கும் பிடித்துவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு. ஆகவே இது சட்டமீறல் அன்று. ஆனாலும் அந்தப் பணம் உங்களுடையது, விட்டுவிடாதீர்கள்.

அதே ஆண்டுக்குள் தரகரிடம் படிவத்தைப் புதுப்பித்துத் தந்து, திருத்தம் கோருவதே எளிய வழி. அது கடந்துவிட்டால், பிடித்த வரியைக் காட்டித் தரகர் தரும் 1042-எஸ் படிவத்துடன், அமெரிக்க வரி செலுத்துநர் எண் பெற்று, வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பக் கேட்க வேண்டும். சிறு தொகைக்கு இது பெரும் அலைச்சல்தான்.

இந்தியக் கணக்கில் எல்லாம் ஈடாகிவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கைக்கு வந்தது குறைவாயினும் ஈவுத்தொகையை, வரி பிடிப்பதற்கு முந்தைய முழு அளவான 600 டாலராகவே காட்ட வேண்டும். அமெரிக்காவில் பிடித்த வரிக்காக இந்திய வரியில் கிடைக்கும் கழிவோ ஒப்பந்த விகிதமான 25 சதவீதத்தைத் தாண்டாது. அதற்கு மேல் பிடிக்கப்பட்டதை அமெரிக்காவிடமிருந்துதான் பெற முடியும்.